எமல்டா எழுப்பிய மேடுகள்

ஹொங்கொங்கில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஸ்ட்ராத்வெல் தேயிலைத் தோட்டத்துச் சவரிமுத்துவின் மகள் எமல்டா இலங்கைப் பெண்கள் ரக்பி அணிக்காகத் தன் முதல் ட்ரையைப் போட்ட அதே நிமிடத்தில், கடலும் மலையும் தாண்டி இங்கே தோட்டத்து கிளப் மைதானத்தின் நடுவில், புல்லைப் பிளந்துகொண்டு ஒரு கல்லறை மேடு எழுந்தது. ஆள் நீளம், முழங்கால் உயரம், தலைமாட்டில் துருவேறிய இரும்புச் சிலுவை. அப்போது அங்கேயும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பந்தை மார்போடு அணைத்து ஓடிவந்த பக்கத்துத் தோட்டத்து உதவி மேலாளரான சின்னதுரை அதில் தடுக்கி முகங்குப்புற விழுந்து, எழுந்து, வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு, தன்னை வேண்டுமென்றே இடறிவிட்டார்கள் என்று நடுவரிடம் முறையிட்டார். நடுவர் மேட்டைப் பார்த்தார், சிலுவையைப் பார்த்தார், தன்னையறியாமல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார், பிறகு விசில் ஊதி ஸ்ட்ராத்வெல் அணிக்கு எதிராகத் தண்டனை உதை கொடுத்தார்.

அந்த மேடு எப்படி எழுந்தது என்று தொழிலாளர் லயத்தில் ஒருவரும் கேட்கவில்லை. யாருடையது என்பதுதான் அன்று மாலை முழுக்கப் பேச்சு.

"நம்ம பெரிய கங்காணியா இருக்குமோ?"

"கங்காணிக்குக் கல்லுச் சிலுவைதான வச்சாங்க. இது அதுக்கும் முந்தின ஆளு. காட்ட வெட்டித் தேயில போட வந்தவங்கள்ல ஒருத்தரு."

"பாவம், எம்புட்டுக் காலமா மூச்ச அடக்கிக்கிட்டுக் கெடந்தாரோ," என்றாள் மதலேன் அக்கா. அவள் சவரிமுத்து குடியிருக்கும் காம்பராவுக்கு அடுத்த காம்பராக்காரி. ஊரில் எந்தச் சாவுக்கும் முதலில் அழுகிறவள், எந்தக் கல்யாணத்துக்கும் முதலில் குறை சொல்கிறவள்.

அந்த மைதானத்தின் பாதி, ஒரு காலத்தில் தோட்டத்து வேதக்காரர்களைப் புதைத்த சேமக்காலை. எமல்டாவுக்கு ஒன்பது வயது நடக்கும்போது, பெரிய ஆட்டங்கள் நடத்த மைதானம் நீளம் போதவில்லை என்று தோட்டத்தை நடத்திய ரொட்னி துரை வேலியைப் பிடுங்கினார், சிலுவைகளை இருந்த இடத்திலேயே குழி தோண்டிப் புதைத்தார், மேடுகளின் மேல் கல் உருளையை ஓடவிட்டார். அந்த உருளையை இழுத்தவர்கள் வேறு யாருமில்லை, அங்கே படுத்திருந்தவர்களின் மகன்களும் பேரன்களும்தான். இழுத்தால் அன்றைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலை, பதியப்படும். இழுக்காவிட்டால் பேரும் இல்லை, நாளைக்கு வேலையும் இல்லை. சவரிமுத்துவும் இழுத்தார். தன் பெண்சாதி ஆக்னஸின் மேடு வந்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். அந்த மேட்டில் புல் முளைக்கக்கூட அப்போது நாளாகியிருக்கவில்லை. அதுதான் சேமக்காலையின் கடைசி மேடு.

ஆக்னஸ் எப்படிச் செத்தாள் என்பதை எமல்டா தன் கண்ணால் பார்த்திருந்தாள், பார்த்தது வீட்டிலல்ல, கிளப்பில். தேயிலைக்குள் போய் விழும் பந்துகளைப் பொறுக்கிக் கொடுக்கும் லயத்துப் பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. கிளப் விறாந்தையின் சிமெந்துத் தரையில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கும். தோட்டத்து ஆட்கள் அதற்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும், பந்து கொண்டுவரும் பிள்ளைகளும் கோட்டில் நின்று உருட்டிவிட வேண்டும். அன்றைக்கு அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் அவளுடைய அப்பா தோள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். லயத்தில் ஆக்னஸுக்கு இடுப்பு வலி எடுத்து ஒரு ராவும் ஒரு பகலும் ஆகிவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப்பைத் தாருங்கள் என்று கேட்டார். ஜீப் அங்கேயே, கொய்யா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

"மேட்ச் முடியட்டும், பாக்கலாம்," என்றார் ரொட்னி துரை, தலையைத் திருப்பாமல்.

சவரிமுத்து நின்றார். அந்தக் கோட்டைத் தாண்டி ஓர் அடி வைத்திருந்தால், துரையின் காலைப் பிடித்திருந்தால், சட்டையைப் பிடித்திருந்தால் என்று எமல்டா பிறகு வாழ்நாளெல்லாம் நினைத்துப் பார்த்தாள். அவர் வைக்கவில்லை. ஆட்டம் முடிந்தது, ஸ்ட்ராத்வெல் ஜெயித்தது, ஜெயித்தவர்கள் குடித்தார்கள், ஜீப் லயத்துக்கு வந்தபோது ஆக்னஸும் இல்லை, பிள்ளையும் இல்லை.

ஆக்னஸைச் சேமக்காலையில் வைத்தார்கள். பிள்ளையை வைக்கவில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடமில்லை என்று சாமியார் சொன்னதால், சவரிமுத்து அவனைத் தேயிலைக் கொழுந்துச் சாக்கில் சுற்றி, வேலிக்கு வெளியே, கிளப்பின் கொய்யா மரத்தடியில் தன் கையாலேயே குழி தோண்டி வைத்தார். அவனுக்குப் பேரும் வைக்கவில்லை. ஆனால் பேர் ஒன்று தயாராக இருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருந்த நாளெல்லாம் ஆக்னஸ் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஆம்பளப் புள்ளன்னா தொர பேரத்தான் வைக்கணும். தொர மனசு எளகும். கூரைக்கு ரெண்டு தகரமாச்சும் குடுப்பாரு." தோட்டத்தில் அது வழக்கம்தான். போன துரைமார் பேர்களெல்லாம் தொம்சன் என்றும் பீட்டர்சன் என்றும் லயத்தில் மூக்கு ஒழுக ஓடித் திரிந்தன. தகரம் கிடைத்ததாக மட்டும் யாருக்கும் ஞாபகமில்லை.

அடுத்த வருடம் கிளப் விறாந்தையை நீட்டினார்கள். கொய்யா மரத்தை வெட்டி, அந்த இடத்தில் சிமெந்து பூசி, சிவப்புக் கோட்டைப் புதிதாக இழுத்து, கோட்டுக்கு அந்தப் பக்கம் ரொட்னி துரையின் பிரம்பு நாற்காலியைப் போட்டார்கள்.

எமல்டாவை டவுன் கன்னியர் மடத்துப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே அவள் ஜெபமாலையும் பூத்தையலும் கற்றாள், எவரோ கொடுத்த பழைய சட்டைகளை வைத்துக்கொண்டு மடத்தார் ஆரம்பித்த ரக்பி அணியில் எல்லாரையும்விட வேகமாக ஓடவும் கற்றாள். லயத்து ஆட்கள் ரக்கர் என்று சொல்லும் அந்த ஆட்டத்தில் பந்தை எவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு ஓடினாலும் போதாது. எதிராளியின் கோட்டைத் தாண்டி, குனிந்து, பந்தை மண்ணில் வைத்து அழுத்த வேண்டும். அதற்குப் பேர்தான் ட்ரை. முதல் தடவை அப்படி அழுத்தியபோது, குழிக்குள் ஒரு பிடி மண் போட்டது எமல்டாவின் கைக்கு ஞாபகம் வந்தது. அன்றே கை முடிவு செய்துவிட்டது போலும். அவளுக்கு அது தெரிய, ஹொங்கொங் போகவேண்டி வந்தது.

"பாப்பா," என்றார் சவரிமுத்து தொலைபேசியில், "நீ போட்ட நேரத்துக்கு இங்க ஒரு ஆளு எந்திரிச்சிட்டாரு."

இரண்டாவது ட்ரைக்கு இரண்டாவது மேடு எழுந்தது. மூன்றாவதற்கு மூன்றாவது. முதலில் போனவர் முதலில் வந்தார், அடுத்துப் போனவர் அடுத்து. அது தெரிந்த அன்றைக்கு எமல்டா ஹோட்டல் கட்டிலில் உட்கார்ந்து, அம்மா வரிசையில் கடைசி என்பதையும், அவளுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம் என்பதையும், நூறுக்குக் குறையாது என்பதையும் நினைத்து, காலணியின் நாடாவை அவிழ்த்து இன்னும் இறுக்கமாகக் கட்டினாள். மற்றவர்கள் பதக்கத்துக்கு ஓடினார்கள். அவள் வரிசையின் கடைசியில் நிற்கும் ஒருத்திக்காக ஓடினாள்.

ரொட்னி துரை முதலில் லயத்தைத்தான் சந்தேகப்பட்டார். "யார் வேலை இது? ராத்திரியில மண்ணைக் கொட்டினது யார்?" என்று கத்தினார். பிறகு உருளையை வரவழைத்தார். எட்டுப் பேர் இழுத்து மேட்டைச் சமப்படுத்தினார்கள். விடிந்தபோது மேடு பழையபடி, சிலுவையில் பனித்துளியோடு, நின்றுகொண்டிருந்தது. மறுநாளும் இழுத்தார்கள், மறுநாளும் நின்றது. மழைக்காலத்தில் வேலையில்லாமல் கிடந்த ஆம்பிளைகளுக்கு நாளுக்கொரு பேர் பதிவானதால், பாட்டன்மாரின் மேல் உருளை ஓட்டிய அவர்கள், காலையில் மேடுகள் மறுபடி எழுந்து நிற்பதைப் பார்த்து, "இன்னைக்கும் சோறு போட்டுட்டீங்க தாத்தா," என்று கும்பிட்டுவிட்டு மறுபடி கயிற்றைத் தோளில் போட்டார்கள். சவரிமுத்து மட்டும் வரமாட்டேன் என்றார். "அன்னைக்கு ஒருக்கா இழுத்துட்டேன் தொர. போதும்." அத்தோடு அவருக்குத் தோட்டத்தில் வேலை நின்றது.

மேடுகள் இருபதைத் தாண்டியபோது துரை உருளையை நிறுத்தினார். கிளப் அவற்றுக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. மேட்டில் பட்டுத் திரும்பும் பந்து ஆட்டத்தில் உண்டு, சிலுவையில் பட்டால் இல்லை என்று புது விதி எழுதி ஒட்டினார்கள். வெளியிலிருந்து வரும் அணிகள், கங்காணிக்கு இடப்பக்கமாக ஓடு, ரோடு மேஸ்திரிக்கு வலப்பக்கமாக ஓடு என்று முந்தின நாளே வந்து பயிற்சி எடுத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் இந்த எழுச்சி தங்கள் போராட்டத்தின் வெற்றி என்று சுவரொட்டி அடித்தார். சாமியார் ஒவ்வொரு மேட்டையும் வந்து மந்திரித்தார், கடைசியில் களைத்துப்போய்த் தண்ணீரை வாளியில் கொடுத்தனுப்பினார். கல்லறைத் திருநாளுக்குச் சனம் மெழுகுதிரியும் பூவுமாக மைதானத்துக்குள் நடந்தபோது காவல்காரன் வாசலில் தடுக்கப் பார்த்து, தன் சித்தப்பாவின் மேடும் உள்ளே இருப்பது ஞாபகம் வந்து, தானும் ஒரு திரியை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

எமல்டா எங்காவது ஆடும் நாளில் மதலேன் அக்கா தொலைபேசியில் வந்துவிடுவாள்.

"பாப்பா, இன்னைக்கு எத்தன போடுவ?"

"தெரியலக்கா. ரெண்டு மூணு வரும்."

"ரெண்டோட நிப்பாட்டு தாயி. மூணாவது எம் மாமியா. அந்தப் பொம்பள உசுரோட இருக்கைல என்னையப் படுத்துனது போதாதா, இப்ப எந்திரிச்சு வந்து ரசத்துல உப்பில்லம்பா."

எமல்டா அன்று நான்கு போட்டாள். மதலேன் அக்கா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு மாமியார் மேட்டில் ஒரு சிரட்டை உப்பை வைத்துவிட்டுச் சமாதானமானாள்.

மடத்தில் படித்தவள் ஆகையால், பழி வாங்க நினைப்பது பாவம் என்பது எமல்டாவுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முந்தின நாள் அந்தந்த ஊர்க் கோவிலைத் தேடிப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். டுபாயிலும் சுவாவிலும் பாங்கொக்கிலும் கூண்டுக்குள் மண்டியிட்டு, "சுவாமி, அந்த மனுசன் நாற்காலியோட மண்ணுக்குள்ள போகணும்னு நெனைக்கிறேன்," என்று தமிழில் சொன்னாள். தமிழ் தெரியாத சாமியார்மார் இரக்கத்தோடு தலையாட்டி, அபராதமாகச் சில ஜெபங்கள் கொடுத்து மன்னித்தார்கள். மறுநாள் அவள் புதிதாக, கழுவிய மனசோடு, பழியை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

தோள் எலும்பு முறிந்தது, கட்டுப் போட்டு ஆடினாள். மூக்கு உடைந்தது, பஞ்சு வைத்து ஆடினாள். கல்யாணமாகி வயிற்றில் பிள்ளை வந்தபோதுதான் பயந்தாள். இடுப்பு வலி என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குச் சிவப்புக் கோடும் துண்டைப் பிடித்த கையும் தெரியும். பிரசவத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கண்டி ஆஸ்பத்திரி மதிலோரமாக ஓர் அறை எடுத்து, காலில் செருப்பைக் கழற்றாமல் படுத்தாள். ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் எழுந்து, ஓட்டுநர் இருக்கிறானா என்று பார்த்துவிட்டு வந்து படுத்தாள். தான் செத்துப்போனால் அம்மாவும் அப்படியே கீழே கிடந்துபோவாளே என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றிலும் பெரிய பயம். பிள்ளை சுகமாகப் பிறந்தது, பெண், ஷெரின் என்று பேர் வைத்தார்கள். பால் மறப்பதற்குள் எமல்டா மறுபடி மைதானத்தில் நின்றாள்.

இப்படியாக ஒரு நாள் டுபாயில், உலகத்தில் எந்தப் பெண்ணும் அதுவரை போடாத அளவு ட்ரைகளை அவள் போட்டு முடித்தாள். கூட்டம் எழுந்து நின்றது, பலகையில் அவள் பேர் பெரிதாக ஓடியது, பேட்டிக்காரர் ஒருவர் ஒலிவாங்கியை நீட்டி, இந்தச் சாதனைக்கு உங்களைத் தூண்டியது எது என்று கேட்டார்.

"வீட்டுல ஒரு வேல பாக்கி இருந்துச்சு," என்றாள் எமல்டா.

தோட்டத்தில் அதே நிமிடம், வலப்பக்கக் கோல் கம்பத்தின் கீழே, ஆக்னஸின் மேடு எழுந்தது. சவரிமுத்து கையும் முழங்காலும் மண்ணில் பட ஊர்ந்து போய் அதன் மேல் கவிழ்ந்து படுத்தார். அவரை எழுப்ப யாரும் போகவில்லை. தூறல் போட்டபோது மதலேன் அக்கா மட்டும் ஒரு குடையை விரித்து அவர் முதுகில் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள்.

ஆக்னஸ் கடைசி என்பதால் கதை முடிந்தது என்று லயம் நினைத்தது. ரொட்னி துரையும் அப்படித்தான் நினைத்து, பல வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினார். எமல்டா நினைக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் ஒன்று போட்டாள், தோட்டத்தில் ஒன்றும் எழவில்லை. அதற்கடுத்து இரண்டு போட்டாள், மண் அசையவில்லை.

"அப்பா, தம்பி வரலியே."

தொலைபேசியில் சவரிமுத்து சொன்னார்: "அவன் எப்புடிம்மா வருவான். அவனத்தான் வேலிக்கு வெளிய வச்சோமே. ஊரான் கோட்டுக்கெல்லாம் அவன் வரமாட்டான்."

அப்போது எமல்டாவுக்கு எந்தக் கோடு என்பது தெரிந்தது. அந்த வாரமே, இனி ஆடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டு ஊருக்கு வந்தாள்.

துரை அவளுக்குப் பாராட்டு விழா எடுத்தார். வேறு வழியும் இல்லை. பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் அவளைத் தோட்டத்தின் மகள் என்று எழுதியிருந்தார்கள். விறாந்தையில் கிளப்காரர்கள் கண்ணாடிக் குவளைகளோடு நின்றார்கள். கீழே புல்தரையில் லயத்துச் சனம் நின்றது. முடியெல்லாம் நரைத்துப்போன ரொட்னி துரை, தன் பிரம்பு நாற்காலிக்கு முன்னால் நின்று, இந்த மைதானம்தான் எமல்டாவை உருவாக்கியது என்று பேசினார். வெள்ளியில் பேர் பொறித்த பட்டை சுற்றிய ரக்பி பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பெருந்தன்மையோடு சிரித்தார்.

"வா எமல்டா, உள்ளே வா. இன்னைக்கு உனக்குக் கோடு இல்லை."

அவள் கோட்டைப் பார்த்தாள். அவர் விட்டு அவள் தாண்டினால் அது தாண்டியதாகாது.

"வேணாங்க தொர. அங்கிட்டிருந்து உருட்டி விடுங்க. நாங்க அப்புடித்தான ஒங்களுக்கு உருட்டி விட்டோம்."

புல்தரையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். துரைக்கு முகம் சிவந்தது, ஆனால் படமெடுப்பவர்கள் நின்றதால் குனிந்து, முட்டி நோக, பந்தை உருட்டிவிட்டார். அது படிகளில் குதித்து வந்து அவள் காலடியில் நின்றது.

எமல்டா பந்தை எடுத்தாள். செருப்பைக் கழற்றி ஷெரினின் கையில் கொடுத்தாள். முதுகைக் காட்டி மைதானத்துக்குள் நடந்து, கங்காணியைத் தாண்டி, மேஸ்திரியைத் தாண்டி, மதலேன் அக்காவின் மாமியாரையும் தாண்டி, ஆக்னஸின் மேட்டடியில் போய் நின்று, திரும்பினாள். பிறகு ஓடிவந்தாள். அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் விறாந்தையில் நின்ற பழைய ஆட்டக்காரர்களுக்கு உடம்பு தானாகக் குனிந்தது, கை தானாக விரிந்தது. குவளைகள் விழுந்து உடைந்தன. முதலாமவரை இடப்பக்கம் ஏமாற்றினாள், இரண்டாமவரை வலப்பக்கம், மூன்றாமவரை மார்பில் கை வைத்துத் தள்ளிப் பூந்தொட்டிக்குள் உட்காரவைத்தாள். படியேறியபோது கோட்டின் மேல் ரொட்னி துரை கையை விரித்து நின்றார்.

"நில்லு! எமல்டா, நில்லுன்னு சொல்றேன்!"

"மேட்ச் முடியட்டும் தொர, பாக்கலாம்."

துரை பாய்ந்து அவள் இடுப்பைப் பிடித்தார். வயதானாலும் பிடி இரும்புப் பிடி. அவரையும் இழுத்துக்கொண்டு அவள் விழுந்தாள், விழும்போதே கையை நீட்டினாள், நீட்டிய கை சிவப்புக் கோட்டைத் தாண்டி, பிரம்பு நாற்காலியின் காலடியில், பந்தைச் சிமெந்தில் வைத்து அழுத்தியது.

தரை மெல்லப் பிளந்தது. நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்து, உருண்டு, படியில் விழுந்தது. பிளவுக்குள்ளிருந்து கொய்யா இலை வாசனையோடு ஒரு மேடு எழுந்தது. ஒரு முழ நீளம்கூட இல்லை. சிலுவை இல்லை.

துரை முழங்காலில் எழுந்து அதைப் பார்த்தார். "இது யார்?" என்றார்.

எமல்டா பந்தை விட்டு எழுந்தாள். அவள் புல்தரையைப் பார்த்தாள். சவரிமுத்து முன்னால் வந்திருந்தார். அதே இடத்தில், கோட்டுக்கு இந்தப் பக்கம், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு.

"வாங்கப்பா," என்றாள்.

அவர் குனிந்து கோட்டைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். போட்டுக்கொண்டு தாண்டினார்.

"எம் மகன் தொர," என்றார். "பேரு ரொட்னி. ஒங்க பேருதான். அவன் ஆத்தா ஆசையா எடுத்து வச்சிருந்தது."

பிறகு கிளப்காரர்கள் அந்த மேட்டை உடைத்துப் பார்த்தார்கள், தரையைப் பெயர்த்துப் பார்த்தார்கள், மேலே பலகை அடித்துக் கம்பளமும் விரித்துப் பார்த்தார்கள். காலையில் அது கம்பளத்துக்கு மேலே இருந்தது. சவரிமுத்து அதன் தலைமாட்டில் சின்னதாக ஒரு மரச் சிலுவை நட்டு, பேரை வெள்ளை எழுத்தில் எழுதினார். பேர் மட்டும்தான். துரையின் நாற்காலியை வேறெங்கும் போட முடியவில்லை. எங்கே போட்டாலும் மறுநாள் அது சிலுவைக்கு எதிரே திரும்பியிருந்தது. பெண்சாதி போய், பிள்ளைகள் வெளிநாடு போய், மாலை நேரத்துக்கு கிளப்பைத் தவிர வேறு போக்கிடமில்லாத ரொட்னி துரை, அதிலேயே உட்கார்ந்து, அதையே பார்த்துக்கொண்டு குடித்தார்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் சனம் மைதானத்தை முடித்துக்கொண்டு, சேற்றுக் காலோடு படியேறி, சிவப்புக் கோட்டை மிதித்துக்கொண்டு உள்ளே வரும். பூ வைத்து, மண்டியிட்டு, மதலேன் அக்கா தன் பெரிய குரலில் ஜெபத்தைத் தொடங்குவாள்: "ரொட்னியின் ஆத்துமாவுக்கு." எல்லாரும் சேர்ந்து, நித்திய இளைப்பாற்றி கிடைக்கட்டும் என்பார்கள். இரண்டு முழம் தள்ளி நாற்காலியில் இருக்கிறவர் பக்கம் யாரும் திரும்பமாட்டார்கள், ஜெபத்தின்போது திரும்பக் கூடாது என்பதால்.

ஷெரின் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வருடம், மெழுகுதிரியோடு முன்னால் வந்து, சிலுவையில் விரல் வைத்து, உரக்கப் படித்தாள்: "ரொ... ட்... னி."

"யார் கூப்பிட்டது?" என்றார் துரை, திடுக்கிட்டு நிமிர்ந்து. "யாரு? நான் இங்கதான் இருக்கேன்."

எமல்டா மகளின் கையைப் பிடித்து, காற்றில் அணைந்துவிடாமல் மறைத்து, திரியைப் பற்றவைத்தாள்.